கூடம் என்பது வெறும் கட்டடமா?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் எனக்கும் அரைமணி நேரம் பேச வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கு நன்றி. நாற்பது நிமிடம் வகுப்பெடுத்தே பழகியவன் நான். மணி அடித்தால்தான் நிறுத்துவேன். எனவே மணி அடிக்கும் பொறுப்பைத் தந்தை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

என்ன தலைப்பில் பேசுவது என்று கேட்டார்கள். நம் பழைய கூடத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கேட்டவர்கள் சற்றே தயங்கினார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு வடபுறம் இருக்கும் அந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, அந்த இடத்தில் சாப்பாட்டுக் கூடத்தோடு கூடிய புதிய திருமண மண்டபம் கட்டலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். வேண்டாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். விழா முடிந்த பின் பங்குப் பேரவை கூடி முடிவெடுக்கப் போகிறது. அந்த முடிவுக்கு முன் சில செய்திகளை உங்கள் காதில் போட்டு வைப்பது என் கடமை என்று கருதினேன். சண்டை மூட்டுவதற்காக அல்ல. தெரிந்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே.

நம் ஊரை விட்டு, முதலில் சென்னைக்குப் போவோம்.

அந்தோணியார் கோயிலுக்கு அடுத்தாற்போல்

நம்மில் பலர் செவ்வாய்க்கிழமைகளில் ரயிலேறிச் சென்னைக்குப் போய், பாரிமுனை அந்தோணியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருகிறோம். அந்தக் கோயில் இருக்கும் தெருவுக்கு ஆர்மேனியன் தெரு என்று பெயர். நம் மக்கள் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அந்தத் தெருவிலேயே கோகலே மண்டபம் என்று ஒரு பழைய கட்டடம் உண்டு. எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்த்திருப்போம்? நானே முப்பது ஆண்டுகள் அந்தத் தெருவில் நடந்த பிறகுதான் பார்த்தேன்.

1914ஆம் ஆண்டில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்திய இளைஞர் சங்கம் ஒன்றைச் சென்னையில் தோற்றுவித்தார். படிக்க வரும் இளைஞர்கள் கூடவும், நூல்கள் வாசிக்கவும், உடற்பயிற்சி செய்யவும், நாட்டு நடப்பை விவாதிக்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். அச்சங்கத்துக்காக எழுந்ததே இந்த மண்டபம். அது திறக்கப்பட்ட 1915ஆம் ஆண்டிலேதான், பிப்ரவரி 19ஆம் நாள், கோபால கிருஷ்ண கோகலே காலமானார். அவர் பெயரையே மண்டபத்துக்குச் சூட்டினார்கள்.

கோகலே பூனாவைச் சார்ந்தவர். அவருக்கும் நம் தோல் ஷாப்புகளுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல் அது. அதற்குப் பின் 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அவ்வாறு போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாகவே போனவர்கள். எந்தெந்த மாவட்டங்களிலிருந்து மிகுதியாகப் போனார்கள் என்று கப்பல் பதிவேடுகளைக் கணக்கிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பெயர்களில் முன்வரிசையில் நிற்பது எது தெரியுமா? அன்றைய வட ஆற்காடு மாவட்டம். அதாவது வேலூர், ஆம்பூர், குடியாத்தம் இவையெல்லாம் அடங்கிய நம் மாவட்டம். மழை பொய்த்தது, நிலம் இல்லை, கடன் இருந்தது. கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள். பலர் திரும்பவேயில்லை.

அந்தக் கொடுமைக்கு எதிராக 1910 பிப்ரவரியில் வைசிராய் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் கோகலே. நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்றார். தீர்மானம் ஏற்கப்பட்டது. 1911 ஜூலையோடு நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. எல்லா நாடுகளுக்கும் இம்முறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1912இல் மீண்டும் கொண்டுவந்தார். அப்போது தோற்றார். ஆயினும் அதே ஆண்டு உடல்நலம் குன்றிய நிலையிலும் தென்னாப்பிரிக்காவுக்கே நேரில் போய் நம் மக்களின் நிலையைப் பார்த்து வந்தார்.

ஆக, அரண்மனைக்காரன் தெருவிலே எழுதப்பட்டிருக்கும் அந்தப் பெயர் நம் முப்பாட்டன்மார் சிலரைக் கப்பல் ஏறாமல் தடுத்த ஒருவரின் பெயர். ஒரு கட்டடத்தின் மீது ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைக்குள் நாம் இருக்கிறோம். கட்டடம் போய்விட்டால் பெயரை எங்கே எழுதி வைப்போம்?

மண்டபத்துக்குள் எழுந்த குரல்

கோகலே மண்டபத்தில் அன்னி பெசன்ட் அம்மையார் செய்த காரியங்களில் ஒன்று, விளையாட்டுப் போலத் தொடங்கியது. ‘சென்னைப் பாராளுமன்றம்’ என்று ஒரு விவாத மன்றம். உண்மையான பாராளுமன்றம் நமக்குக் கிடையாது. ஆகவே இளைஞர்களும் வழக்கறிஞர்களும் அங்கே உட்கார்ந்து பாராளுமன்ற முறைப்படியே மசோதா கொண்டு வருவார்கள், எதிர்ப்பார்கள், திருத்துவார்கள். கிராமப் பஞ்சாயத்து, கட்டாயக் கல்வி என்றெல்லாம் விவாதிப்பார்கள். ஆளத் தகுதியில்லை என்று சொல்லப்பட்ட மக்கள், ஆள்வதற்கு அந்த மண்டபத்தில் ஒத்திகை பார்த்தார்கள்.

1916 செப்டம்பரில் அம்மையாரின் தன்னாட்சி இயக்கம், அதாவது ஹோம் ரூல் லீக், பிறந்தது. அதன் முதன்மையான மேடை இந்த மண்டபமே. சிவப்பும் பச்சையும் கொண்ட கொடி. மாலைதோறும் கூட்டம். அம்மையாரின் ‘நியூ இந்தியா’ நாளிதழுக்கு அரசு முதலில் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. கட்டினார். அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 ரூபாய் கேட்டது. அதையும் கட்டினார். இறுதியில் 1917 ஜூன் மாதம், ஆளுநர் பென்ட்லண்டு பிரபு அம்மையாரையும், அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் ஊட்டியிலே காவலில் வைத்தார். எழுபதை எட்டிக்கொண்டிருந்த மூதாட்டி. காவலில் இருந்த வீட்டிலும் அந்தச் சிவப்பு பச்சைக் கொடியைப் பறக்கவிட்டார். நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் எழுந்தன. உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கே முறையிட்டுக் கடிதம் எழுதினார். பின்னர் தமக்கு அளிக்கப்பட்ட ‘சர்’ பட்டத்தையும் துறந்தார். செப்டம்பரில் அம்மையார் விடுதலையானார். அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைவர். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவர்.

ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மண்டபத்தில் எழுந்த குரல் எல்லாருடைய குரலும் அன்று. தன்னாட்சி வந்தால் யார் ஆட்சி என்று கேட்டவர்கள் அதே 1916ஆம் ஆண்டு நவம்பரில் அதே சென்னையில் கூடினார்கள். பிட்டி தியாகராயரும் டி. எம். நாயரும் தலைமை ஏற்ற தென்னிந்திய நல உரிமைச் சங்கம், பின்னாளில் நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது, அப்போதுதான் பிறந்தது. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. நம் பகுதியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டிய நம் முன்னோர்க்கு அரண்மனைக்காரன் தெருவின் ஆங்கிலச் சொற்பொழிவு எட்டியிருக்குமா? எட்டியிராது. வாசலில் நிற்க இடம் கிடைத்திருக்குமா என்பதே ஐயம்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். அம்மையாரோடு காவலில் இருந்தாரே வாடியா, அவர் வெளியே வந்த பின் பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளரிடம் போனார். பகல் உணவுக்கு நேரமில்லை, அடி உதை என்று அவர்கள் சொன்னதைக் கேட்டார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அடித்தளமிட்ட அந்தச் சங்கத்துக்கு வாடியா தலைவர். தமிழிலே பேசித் தொழிலாளரைத் தட்டி எழுப்பியவர் திரு. வி. க. முறையாக அமைந்த தொழிற்சங்கங்களில் இந்தியாவின் முன்னோடி என்று அதைச் சொல்வார்கள். மண்டபத்துக்குள் பழகிய பேச்சு, மண்டபத்தை விட்டு வெளியே வந்து தெருவிலே நின்றபோதுதான் ஏழைக்குப் பயன்பட்டது.

ஆகையால் ஒரு பழைய மண்டபத்தைக் காப்பது என்றால் அங்கே பேசியவர்களையெல்லாம் போற்றிப் பாடுவது என்று பொருளன்று. அங்கே என்ன பேசப்பட்டது, யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் காப்பதுதான்.

அந்த மண்டபத்துக்கு என்ன ஆயிற்று? வாடகை வருமானம் போதவில்லை. பழுது பார்க்க ஆளில்லை. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்று முயன்று, ஒரு பகுதியை இடித்தும் விட்டார்கள். வரலாற்று ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. இடித்த பிறகு வரும் தீர்ப்பு, இடித்த செங்கல்லை மீண்டும் எடுத்து வைக்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பாலாற்றங்கரைக்கு வருவோம்

சென்னை பெரிய ஊர். தலைவர்கள் வந்தார்கள், பேசினார்கள், வரலாறு ஆயிற்று. நம் ஊரில் என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கலாம். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்களே, அது ஊரறிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன். நம் கண் முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் சிறு வயதில் தோல் ஷாப் என்றால் ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு. நாற்றம் இருந்தது, ஆனால் கிணற்று நீர் குடித்தோம். பிற்பாடு குரோம் உப்பு போட்டுப் பதனிடும் முறை பரவிற்று. வேலை பெருகிற்று, கூலி வந்தது, பெண்கள் ஷூ கம்பெனிகளுக்குப் போய் வீட்டை நிமிர்த்தினார்கள். அதை நான் மறுக்கவில்லை. என் தங்கையும் அப்படித்தான் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஆனால் ஒரு கிலோ தோலைப் பதனிட 30, 40 லிட்டர் நீர் செலவாகிறது. அந்த நீர் எங்கே போயிற்று? பாலாற்றுக்கும் ஏரிக்கும் போயிற்று. கிணறுகள் நிறம் மாறின. தென்னை கருகிற்று.

1991ஆம் ஆண்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போய்விட்டது என்று ஓர் ஆய்வு அந்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்; கேடு வருமுன்னே தடுக்க வேண்டும். இவ்விரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு சொல்லிற்று. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கச் சொன்னது. இன்று இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் எல்லாரும் வேலூரின் பெயரால் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆனாலும் வேலை முடியவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோர்க்கு ஈடு தரவும் பாலாற்றைச் சீர்ப்படுத்தவும் ஆணையிட வேண்டியதாயிற்று.

தீர்ப்பு டில்லியிலே எழுதப்பட்டது. ஆனால் வழக்குக்கு வேண்டிய செய்தி டில்லியிலா இருந்தது? எந்தக் கிணறு எப்போது கெட்டது, எந்தக் கழனி எப்போது விளைச்சல் இழந்தது என்று ஊர் ஊராக மக்கள் உட்கார்ந்து சொன்னால்தானே தெரியும்? உட்கார ஓர் இடம் வேண்டாமா? பஞ்சாயத்துத் திண்ணைகளிலும், பள்ளிக்கூடங்களிலும், கோயில், மசூதிக் கூடங்களிலும் மக்கள் உட்கார்ந்து பேசினார்கள். நம் கூடத்திலும் பேசினோம். ஒரு பாட்டில் கிணற்று நீரை மேசை மீது வைத்தார் ஒரு பெரியவர். தேநீர் நிறம். “இதை யாராவது ஒரு மடக்குக் குடியுங்கள், நான் வீட்டுக்குப் போகிறேன்” என்றார். யாரும் எழவில்லை. அந்தக் கூட்டத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள், விவசாயிகளும் இருந்தார்கள். ஒருவர் பிழைப்பு மற்றவருக்குக் கேடாக நின்றது. அன்று கடுஞ்சொற்கள் பறந்தன. ஆனால் ஒரே கூரையின் கீழ் பறந்தன. அதுதான் கூடத்தின் பயன்.

நம் கூடத்தின் கதை

இது பங்காக உயர்த்தப்படுவதற்கு முன், வேறொரு பங்கின் கிளையாக இருந்த காலத்திலேயே அந்தக் கூடம் எழுந்துவிட்டது. என் தகப்பனார் அதற்கு மண் சுமந்தார். வாரக் கூலியில் ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்கள் பலர். கொடுக்க இயலாதவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் ஆற்று மணல் சுமந்தார்கள். என் தாயார் தலைச்சுமையாகக் கல் கொண்டு வந்ததாகச் சொல்வார்.

அங்கே இரவுப் பள்ளி நடந்தது. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் என் தகப்பனார் தம் முப்பத்திரண்டாம் வயதில் கையெழுத்துப் போடக் கற்றார். அதுவரை கூலிப் புத்தகத்தில் பெருவிரல் ரேகைதான். கையெழுத்துப் போட்ட முதல் வாரமே, “இதில் நான்கு நாள் வேலைதானே எழுதியிருக்கிறது, நான் ஆறு நாள் வந்தேனே?” என்று கேட்டாராம். அதற்காக ஒரு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். ஆனால் அதன் பிறகு அவருக்கு யாரும் குறைத்து எழுதவில்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, ஒரு தோல் ஷாப்பில் கழிவுக் குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய எங்கள் தெரு அண்ணன் மேலே வரவில்லை. முதலாளி வீட்டுத் திண்ணையில் பேச இடமில்லை; தெருவில் கூடினால் போலீஸ் வந்தது. அப்போதிருந்த சாமியார் கூடத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார். “பேசுங்கள், ஆனால் கை நீட்டாதீர்கள்” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மூன்று இரவு பேசினார்கள். அந்த அண்ணனின் விதவைக்கு ஒரு தொகையும், மகனுக்கு வேலையும் கிடைத்தன. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். உயிருக்கு அது ஈடாகாது. ஆனால் அந்தச் சாவி இல்லாதிருந்தால் அதுவும் கிடைத்திராது.

2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட 10 பேர் மாண்டார்களே, நினைவிருக்கிறதா? இறந்தோரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அச்செய்தி படித்த அன்று என் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: இவர்களோடு வேலை செய்தவர்கள் இன்றிரவு எங்கே கூடி அழுவார்கள்? எந்தக் கூடத்தின் சாவியை யார் அவர்களுக்குக் கொடுப்பார்கள்? ஒரு நாள் நம் ஊர்க்காரர்கள் நேட்டாலில் இருந்த நிலை, இன்று நம் ஊருக்கு வந்தவர்களின் நிலை. நம் கூடம் அவர்களுக்கும் திறக்க வேண்டிய கூடம்.

சோவெட்டோவில் ஒரு கோயில்

நம் மக்கள் கப்பலேறிப் போன அதே தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரை ஒட்டிய சோவெட்டோ என்னும் இடத்தில் ரெஜினா முண்டி என்று ஒரு கத்தோலிக்கக் கோயில் உண்டு. ‘உலகின் அரசி’ என்பது அதன் பொருள். 1964இல் திறக்கப்பட்டது. கறுப்பின மக்கள் அரசியல் கூட்டம் நடத்தத் தடை இருந்த காலத்தில், அடக்கப் பூசையும் செபக் கூட்டமுமே அவர்களுக்குக் கூடும் வழி. ஆகவே அந்தக் கோயிலே அவர்களுடைய மன்றம் ஆயிற்று. 1976 ஜூன் 16ஆம் நாள், அயல்மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி அந்தக் கோயிலுக்குள் ஓடினார்கள். போலீஸார் கோயிலுக்குள்ளேயும் வந்து சுட்டார்கள். பீடத்தின் சலவைக்கல் உடைந்தது. கூரையில் குண்டு துளைத்தது.

நிறவெறி ஆட்சி ஒழிந்த பின், உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகள் சில அங்கேயே நடந்தன. நவம்பர் 30ஆம் நாளை ரெஜினா முண்டி நாள் என்று நெல்சன் மண்டேலா 1997இல் அறிவித்தார். கோயிலில் அந்தத் துளைகளை அவர்கள் பூசி மறைக்கவில்லை. உடைந்த பீடத்தையும் தூக்கி எறியவில்லை. வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். “இங்கே பயந்த பிள்ளைகள் ஒதுங்கினார்கள்” என்று சொல்லாமல் சொல்கின்றன அந்தத் துளைகள். பழுதையே நினைவாக வைத்துக்கொண்ட மக்கள் அவர்கள்.

இனி என்ன செய்யலாம்?

அன்பார்ந்தவர்களே! நம் கூடத்தில் தலைவர்கள் பேசவில்லை. குண்டும் துளைக்கவில்லை. அரசின் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெறப் போவதுமில்லை. தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரவே 2024 ஆயிற்று. பெரிய கட்டடங்களுக்கே அந்தக் கதி என்றால், நம் ஓட்டுக் கூடத்தைத் தேடி எந்த அதிகாரி வருவார்? நாம்தான் அதற்கு ஆணையம். நாம்தான் அதற்கு நீதிமன்றம்.

புதிய திருமண மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியே மண்டப வாடகை கொடுத்துக் கடனாளியாகிறவர்களை நானும் பார்க்கிறேன். வேண்டும்; கட்டுவோம். ஆனால் பழையதை இடித்த இடத்தில்தான் கட்ட வேண்டுமா? பள்ளிக்குப் பின்னால் முட்செடி மண்டிக் கிடக்கும் நிலம் நம்முடையதுதானே? பேரவை அதை அளந்து பார்க்கட்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

கூடம் பழுதாகிவிட்டது, ஒழுகுகிறது என்கிறார்கள். உண்மை. ஆனால் ஏன் பழுதாயிற்று என்று பார்த்தீர்களா? அது சுண்ணாம்புச் சுவர். சில ஆண்டுகளுக்கு முன் நல்லெண்ணத்தோடு அதன் மேல் சிமெண்டு பூசினோம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லை அரித்து, பூச்சைப் பொறுக்குப் பொறுக்காகத் தள்ளிவிடும். அதுதான் நடந்திருக்கிறது. பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊற வைத்த நீரை ஊற்றி அரைத்துப் பூசுவார்கள். கேட்டீர்களா? சுண்ணாம்பும் கடுக்காயும். நம் பாட்டன்மார் தோலைப் பதனிட்ட அதே இரண்டு பொருள்தான் சுவரையும் பதனிட்டது. இந்தச் சாமான் நமக்குப் புதிதன்று. சென்னையில் சென்ட்ரல் நிலையத்தை ஒட்டி, பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போகும் நம்மவர்கள் கடந்து போகும் விக்டோரியா மண்டபம் பல ஆண்டுகள் பாழடைந்து கிடந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தோம். மாநகராட்சி முன்வந்து அதைப் புதுப்பிக்கும் வேலையை மேற்கொண்டது. செய்ய மனம் இருந்தால் பழையது நிற்கும்.

இரண்டாவது வேண்டுகோள் இளைஞர்களுக்கு. உங்கள் எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. இரவுப் பள்ளியில் படித்தவர்கள், கல் சுமந்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலர்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டுக்குப் போய் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழைய புகைப்படங்களைப் படியெடுங்கள். கூடத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் கணக்கு நோட்டு எங்கேனும் கிடைத்தால் அதைக் கறையானுக்குக் கொடுக்காமல் பங்கு அலுவலகத்தில் சேருங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் தாய்மார்களுக்கு. அந்தக் கூடத்தின் பேச்சுகளில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். நீங்கள் சுவரோரம் நின்றீர்கள். இப்போது ஷூ கம்பெனிகளில் உழைப்போரில் பெரும்பான்மையோர் நீங்கள்தான். இனி அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேச வேண்டியவர்களும் நீங்களே. சம்பளம், கழிப்பறை, பேருந்து, பிள்ளைக் காப்பகம் என்று பேச எத்தனையோ இருக்கிறது. ஆள் வந்து பேசுகிற கூடத்தை யாரும் இடிக்கத் துணிய மாட்டார்கள். பூட்டிக் கிடக்கிற கூடத்தைத்தான் இடிப்பார்கள்.

முடிவாக ஒன்று. என் தகப்பனார் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். ஏதோ பெரிய வார்த்தை சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். “இந்தத் தூண் கொஞ்சம் கோணல், அன்றைக்கே சொன்னேன், கொத்தனார் கேட்கவில்லை” என்றார். அவ்வளவுதான். தாம் கட்டிய ஒன்றின் குறையைச் சொல்லும் உரிமையோடு அவர் நின்றார். கூலிக்காரனாகவே வாழ்ந்த மனிதருக்கு, “இது நான் கட்டியது” என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.